பேமானி: மானமில்லாதவனா, நேர்மையில்லாதவனா?

வடசென்னையான்: ‘பேமானி’ என்ற வசைச்சொல்லை உருது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லுக்குள்ளேயே ‘மானம்’ இருக்கிறதே! வண்ணாரப்பேட்டையில் என் பாட்டி, வேட்டி நழுவியது தெரியாமல் தெருவில் கிடக்கும் குடிகாரரைத்தான் அப்படி ஏசுவார், ஏமாற்றியவரை அல்ல.

ஐஸ்ஹவுஸ்வாசி: ஐயா, ‘மானி’ என்றால் மானமுடையவன் என்றல்லவா பொருள்? ‘பே’ தமிழில் இன்மையைக் குறிக்கும் முன்னொட்டும் அன்று. பாரசீகத்தில்தான் அது அப்படி வழங்குகிறது. அதனோடு, நம்பிக்கை என்று பொருள்படும் ‘ஈமான்’ என்ற அரபுச் சொல் சேர்ந்து, உருதுவில் ‘பேஈமான்’ நேர்மையற்றவனையும் ‘பேஈமானி’ நேர்மையின்மையையும் குறிக்கின்றன. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிக் குடியேறிய பிறகு, திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பகுதிகளில் உருது பல குடும்பங்களின் வீட்டுமொழியாகவே நிலைத்துவிட்டது. தெருச்சண்டைக்குச் சொல் கிடைக்க அதைவிட அருகில் வேறு இடம் வேண்டுமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீதிமன்ற ஆணையோடு ஜப்திக்கு வரும் ‘அமீனா’வும் அதே அரபு வேரில் பிறந்தவர்தான், ‘அமீன்’ என்றால் நம்பத்தக்கவர். கடன் வாங்கிக் கைவிரித்த பேமானியின் வாசலில் அமீனா வந்து நிற்பது, ஒருவகையில், பங்காளிச் சண்டை.

வடசென்னையான்: அமீனா செய்தி எனக்குப் புதிது, பிரிப்பில் தோற்றேன். ஆனால், உங்கள் கணக்குப்படி ‘பேஈமானி’ ஒரு பண்பின் பெயர். “ஏ நேர்மையின்மையே!” என்று யாராவது ஆளைக் கூப்பிடுவார்களா?

சொல்தேடி: அங்கேதான் தமிழ் கைவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ‘சோம்பேறி’, ‘முடிச்சவிக்கி’ என்று ஏசிப் பழகிய நமக்கு, இகரத்தில் முடியும் வசை எதுவும் ஓர் ஆளையே சுட்டுவதாகப் படும். முஸ்லிம் வீடுகளுக்கு வெளியே ‘ஈமான்’ அதிகம் புழங்காததால், இடையிலிருந்த ஈகாரம் தேய்ந்ததும், எஞ்சிய ஒலியில் பிறர் தமக்குத் தெரிந்த ‘மானத்தை’ப் பொருத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே பாட்டியின் பொருளைப் பிழை என்று தள்ள நான் ஒப்பமாட்டேன்.

ஐஸ்ஹவுஸ்வாசி: இகர ஈற்றை ஏற்கிறேன், பொருள் முழுவதும் மாறிவிட்டது என்பதை ஏற்க இயலாது. எங்கள் தெருவில் ஏலச்சீட்டுப் பணத்தோடு மறைந்தவரை, ஐந்து ஆண்டுகள் கழிந்தும், அவர் பெயரைச் சொல்லாமல் இந்த ஒரு சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். அவர் வேட்டி ஒருநாளும் நழுவியதில்லை.