ரேடியேஷன் நேரத்தில் தோலைப் பார்த்துக்கொண்டது: பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து அனுபவங்கள்

மூத்த மகள், பெஸ்தாரி ஜெயா:

அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு ரேடியேஷன் (கதிர்வீச்சு சிகிச்சை) கொடுத்தார்கள். எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, அம்மாவுக்கு இன்னும் பழைய பெயர்தான். ரப்பர் பால் வெட்டிய காலம் முதல் செம்பனை வந்த பிறகும் தோட்டத்து வேலையிலேயே இருந்தவர், நல்ல கருப்பு நிறம். தோல் விஷயத்தில் அந்த நிறம்தான் முக்கியமாகிவிட்டது, அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது வாரம் முடியும்போது, "எரியுதும்மா, துணி பட்டாலே காந்துது" என்றார். சிகிச்சை அறையில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிவப்பே இல்லை, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? அந்த இடம் இன்னும் கருக்கும், தொட்டால் சூடாக இருக்கும், இறுகும், அரிக்கும். மறுநாள் நானும் கூடவே போய், மார்பைத் தூக்கி அடியில் இருக்கும் மடிப்பைக் காட்டினேன். அங்கே தோல் உரிந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் பார்த்த உடனே கட்டுப் போடச் சொன்னார்.

கருத்த தோல் உள்ளவர்கள், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே இரண்டு மார்பையும் ஒரே வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒரு முறை அதே மாதிரி எடுங்கள். மற்ற மார்போடு ஒப்பிட்டுக் காட்டினால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மடிப்பையும் அக்குளையும் அவர்களாகப் பார்க்கவில்லை என்றால், பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நம் அம்மாக்கள் கூச்சத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஓய்வு பெற்ற தாதி, கோல சிலாங்கூர்:

தங்கச்சி சொன்னது ரொம்பச் சரி. மார்பு ரேடியேஷனில் பெரும்பாலானவர்களுக்குத் தோலில் ஏதாவது ஒரு மாற்றம் வரும். அதை முழுக்கத் தடுக்க முடியாது, கடுமையாகாமல் பார்த்துக்கொள்ளலாம். மார்பு பெரிதாக இருப்பவர்கள், புகைபிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊர் வேர்வையில் மார்புக்கு அடியிலும் அக்குளிலும்தான் முதலில் உரியும்.

நான் வேலை பார்த்தபோது தோட்டத்திலிருந்து வந்த அம்மாக்கள் பலர், தண்ணீர் படக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாரக்கணக்கில் அந்தப் பக்கம் கழுவாமலே வருவார்கள். தாராளமாகக் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, கையாலேயே கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பீர்க்கங்கூடு வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். அப்போதுதான் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் தோலில் போட்ட அடையாளக் கோடும் அழியாது.

மஞ்சள், சந்தனம், முகப்பவுடர் எதையும் அங்கே பூசாதீர்கள். கற்றாழையை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் ஆய்வுகளில் அது சாதாரண கிரீமைவிட நன்றாக வேலை செய்ததாகத் தெரியவில்லை. வாசனை இல்லாத சாதாரண கிரீமை முதல் நாளிலிருந்தே மெல்லிசாகத் தடவுங்கள். சிகிச்சைக்குப் போகும் நேரத்தில் கெட்டியாக அப்பிக்கொண்டு போகாதீர்கள். தோல் கிழிந்த இடத்தில் நீங்களாக எதையும் தடவாமல் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) காட்டுங்கள்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, மொமெட்டாசோன் மாதிரி ஸ்டீராய்டு கிரீம். அதை ஆரம்பத்திலிருந்தே தடவியவர்களுக்குப் புண் கடுமையாவது குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான். இன்னொன்று, தோல்மேல் ஒட்டும் மெல்லிய சிலிக்கான் படலம். கனடாவில் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், படலம் ஒட்டியவர்களில் மிதமான அல்லது கடுமையான புண் 15.5 விழுக்காட்டினருக்கு வந்தது, ஒட்டாதவர்களில் 45.6. விலை கொஞ்சம் கடிக்கும், எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

ரவாங் மருமகள்:

என் மாமியாருக்குத் தாலிதான் பிரச்சினையாக இருந்தது. தங்கச் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு. வேர்வையில் ஊறி, கழுத்துக்குக் கீழே ரேடியேஷன் படும் இடத்திலேயே உராய்ந்துகொண்டிருந்தது. மெஷினில் படுக்கும்போது மட்டும் கழற்றுவார், வெளியே வந்ததும் மாட்டிக்கொள்வார். கழற்றி வை என்று வீட்டில் யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் மாமாவே, "நீ நல்லா இருந்தாதான் அதுக்கு மரியாதை" என்று சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். தோல் ஆறிய பிறகு அவரே எடுத்துக் கொடுத்தார். இதே நிலையில் இருப்பவர்கள் வீட்டு ஆண்களைப் பேசச் சொல்லுங்கள், மருமகள் பேச்சு எடுபடாது.

உள்ளாடையில் கம்பி இருக்கவே கூடாது. வீட்டில் இருக்கும்போது மாமாவின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டார், அதுதான் அவருக்கு இதமாக இருந்தது. மடிப்பில் மெல்லிய பருத்தித் துணி வைத்து, ஈரமானதும் மாற்றினோம்.

கார் ஓட்டும் தம்பி:

அக்காவைத் தினமும் கோலாலம்பூருக்கு ஏற்றிப்போனவன் நான். ஒரு சின்ன விஷயம். இடது மார்பு என்றால் முன் சீட் வேண்டாம், அங்கே பெல்ட் இடது தோளிலிருந்து வந்து அதே இடத்தை உரசும். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார வையுங்கள், பெல்ட் வலது தோளில் வரும். நடுவில் ஒரு மெல்லிய துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து மெஷின் வழியாகக் கொடுக்கும் ரேடியேஷன் உடம்பில் தங்காது. அது தெரியாமல் பேரப்பிள்ளையைத் தூக்கப் பயந்துகொண்டிருந்தார் அக்கா. டாக்டர் சொன்ன பிறகுதான் நிம்மதி.

மூத்த மகள், பெஸ்தாரி ஜெயா:

எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா, படலம் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

ஒன்று விட்டுப்போனது. சிகிச்சை முடிந்தால் தோலும் அடங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல் ஏறும், அதற்கப்புறம்தான் மெதுவாக ஆறத் தொடங்கும். அந்த நேரத்தில் தினசரி ஆஸ்பத்திரிப் பயணம் நின்றிருக்கும், பார்க்கவும் ஆள் இருக்காது. அதனால் கடைசி நாளன்றே, புண் பெரிதானால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.