மலையிறங்கும்போது மட்டும் முட்டி வலி: இடுப்புத் தசைகள்தான் காரணமா?

கேள்வி (மாணவியின் தந்தை, அஸ்தம்பட்டி)

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் கபடியும் நெடுந்தூர ஓட்டமும் பழகுகிறாள். ஞாயிறுதோறும் தோழிகளுடன் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு மலைப்பாதையில் ஐந்தாறு கொண்டை ஊசி வளைவுகள் வரை ஓடி ஏறி, ஓடியே இறங்குவாள். ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது இடது முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது என்று இரண்டு வாரமாகச் சொல்கிறாள். வீக்கமோ நொண்டலோ இல்லை. அவளுடைய பயிற்சியாளர், கோர் பலமில்லாததால்தான் முட்டி தாங்கவில்லை என்று கூறி, தினமும் நூறு சிட்அப் எடுக்கச் சொல்லியிருக்கிறார். வயிற்றுக்கும் முட்டிக்கும் என்ன தொடர்பு என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (இயன்முறை மருத்துவர், ஃபேர்லேண்ட்ஸ்)

ஐயா, பயிற்சியாளர் காட்டிய திசை சரிதான். கொடுத்த பயிற்சிதான் பொருந்தவில்லை. கோர் என்பது வயிற்றின் முன்பக்கத் தசை மட்டுமன்று. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முதுகுத்தண்டை ஒட்டிய தசைகள், சுற்றிலும் வயிற்றின் ஆழ்தசைகள் எல்லாம் சேர்ந்ததே அது. புட்டத் தசைகளையும் நாங்கள் அதனோடு சேர்த்தே பார்ப்போம். ஓட்டம் என்பது ஒற்றைக் காலில் மாறி மாறி நிற்பதுதான். அப்படி நிற்கும் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சரியாமல் புட்டத்தின் பக்கவாட்டுத் தசை பிடித்துக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால் இடுப்பு சாயும், தொடை உள்நோக்கித் திரும்பும், முட்டி உள்ளே மடியும், சில்லின் மீது சுமை ஏறும். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், வலி அங்கேதான் முதலில் தலைகாட்டுகிறது. சிட்அப் முதுகை மடக்கப் பழக்குகிறது. ஓடுபவருக்கு வேண்டியதோ மடங்காமல், சாயாமல் நிற்கும் திறன்.

வீட்டுப் படிக்கட்டில் ஒன்று செய்து பாருங்கள். மகள் ஒரு காலில் நின்று, மறுகாலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மெதுவாக இறங்கட்டும். நீங்கள் எதிரே நின்று, முட்டி கால் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா, இடுப்பு ஒருபக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள்.

பதில் (உடற்கல்வி ஆசிரியை, ஓமலூர்)

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 277 கல்லூரி விளையாட்டு வீரர்களின் உடலை ஒரு விசைக்கு எதிராக நிறுத்தி, அந்த விசையைத் திடீரென விடுவித்து, நடுவுடல் எவ்வளவு அசைகிறது என்று அளந்தபின் 3 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. 25 பேருக்கு முழங்கால் காயம் ஏற்பட்டது. பெண்களில் பின்னர் காயமடைந்தவர்களுக்கே நடுவுடல் அதிகம் அசைந்திருந்தது. ஆண்களிடம் முன்பு இருந்த முதுகுவலிதான் தசைநார்க் காயத்துக்கு முன்னறிகுறியாக இருந்தது.

ஆனாலும் எல்லாப் பழியையும் கோர் மீது போட எனக்கு மனம் ஒப்பவில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 கால்பந்துச் சிறுமிகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், 20 நிமிட வார்ம்அப் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அதில் பிளாங்க் (முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கி நிற்பது) மட்டுமன்றி, ஒற்றைக்காலில் சமநிலை, குதித்து இறங்கும் முறை, பின்தொடைப் பயிற்சி ஆகியவையும் இருந்தன. கபடியில் பிடி விழும் நொடியில் ஒரு காலில் சுழல வேண்டியிருப்பதால், தரையிறங்கும் முறையையும் அவசியம் பழக்குங்கள். மலை ஓட்டத்தை எத்தனை வாரத்தில் கூட்டினாள் என்றும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை படிக்கட்டில் நிறுத்திப் பார்த்தேன். வலது காலில் குறையில்லை. இடது காலில் மூன்றாவது முறை இறங்கும்போதே அவளுடைய டிராக் பேண்ட்டின் வெள்ளைக் கோடு உள்ளே திரும்பியது; இடுப்பும் சாய்ந்தது. அவளே கண்ணாடியில் பார்த்துத் திகைத்துவிட்டாள். ஒரே மாதத்தில் இரண்டு வளைவிலிருந்து ஆறு வளைவுக்குப் போயிருக்கிறாள். ஓட்டத்தை முற்றிலும் நிறுத்த வேண்டுமா?

பதில் (இயன்முறை மருத்துவர், ஃபேர்லேண்ட்ஸ்)

நிறுத்த வேண்டாம், ஐயா. மூன்று வாரம் இரண்டு வளைவு வரை மட்டும் ஓடி ஏறட்டும். வலி தராத அளவுக்கு நடந்தோ பேருந்திலோ இறங்கட்டும். சிட்அப்புக்குப் பதில் பக்கவாட்டு பிளாங்க், நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல், ஒற்றைக்கால் இடுப்பு உயர்த்தல் ஆகியவற்றை வாரம் மூன்று நாள் செய்யட்டும்; இடுப்பு சாயத் தொடங்கிய உடனே நிறுத்திவிட வேண்டும். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது நழுவினாலோ பயிற்சியை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் கழித்து அதே படியில் மறுபடி பார்த்து இங்கே எழுதுங்கள்.