பொருள்: "இலவச அமினோ அமிலம்" (அவசரம்)

திருநெல்வேலி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, பண்ணை விலங்குகளின் பாலிலும் குருதியிலும் அமினோ அமிலங்களை அளப்பது பற்றிய செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். விவசாயம் படிக்கும் மாணவர்களுக்கானது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். எனக்கு முன் இதைத் தொட்டவர் கணினியிடம் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறார். "பசுவின் குருதியில் உள்ள இலவச அமினோ அமிலங்கள்" என்று அட்டவணைக்குத் தலைப்பு. ஆங்கில மூலத்தில் உள்ள "free" இங்கே சேராமல் தனித்திருப்பதைக் குறிக்கிறது, காசில்லாததை அன்று. சிரித்துக்கொண்டே வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில் எழுதத்தான் சொல் கிடைக்கவில்லை.

பாலில் உள்ள அமினோ அமிலங்களில் பெரும்பங்கு கசீன் முதலிய புரதங்களுக்குள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கிறது. மிகச் சிறு பங்கு எந்தப் புரதத்திலும் சேராமல் கரைந்திருக்கிறது. குருதியிலும் இவ்விரு வகையும் உண்டு. மொத்தத்தையும் அளக்க, மாதிரியை 6 மோலார் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் 110 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைத்து நீர்ப்பகுப்புச் செய்ய வேண்டும், அதாவது புரதச் சங்கிலியை உடைக்க வேண்டும். கரைந்திருப்பவற்றை மட்டும் அளக்க வேண்டுமானால் அது கூடவே கூடாது; சல்போசலிசிலிக் அமிலம் விட்டுப் புரதத்தை வீழ்படிவாக்கி அகற்றிவிட்டு, எஞ்சும் தெளிநீரை எடுக்க வேண்டும். மாணவர் ஒன்றுக்கு மற்றதைச் செய்தால் விடை எங்கோ போய்விடும். ஐயத்துக்கு இடம் வைக்காத பெயர் வேண்டும். குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவுக்குத் தமிழ்ச்சொல் தேட இப்போது யாரும் தொடங்க வேண்டாம். அது பிளாஸ்மாவாகவே இருக்கட்டும்.

கோயம்புத்தூர் எழுதியது:

கட்டற்ற அமினோ அமிலம். கட்டற்ற மென்பொருள் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. தலைப்பில் குருதியை இரத்தம் ஆக்கினால் எங்கள் மாணவர்களும் படிப்பார்கள்.

சாவகச்சேரி எழுதியது:

கோயம்புத்தூர்த் தம்பி கோபிக்கக் கூடாது. மாட்டைப் பற்றிய கையேட்டில் கட்டற்ற என்று எழுதினால் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாக்காலிதான் நினைவுக்கு வரும். சந்தியில் படுத்திருந்து பிரதேச சபையிடம் பிடிபடுகிற மாடு.

அடுத்த காரணம் பகிடியன்று. தீனியில் மெதியோனினோ லைசினோ குறைந்தால், மற்ற அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் பசுவின் பாற்புரதம் அதிகரிக்காது. அதே அத்தியாயத்தில் இதற்குக் "கட்டுப்படுத்தும் அமினோ அமிலம்" என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே பக்கத்தில் கட்டற்ற லைசினும் கட்டுப்படுத்தும் லைசினும் வந்தால், மாணவன் பரீட்சையில் இரண்டையும் எதிர்ச்சொற்களாக எழுதிவிட்டுப் போவான். பின்னதை மட்டுப்படுத்தும் என்று மாற்றுங்கள். முன்னதற்குப் "புரதஞ்சேரா அமினோ அமிலம்" எப்படி?

கொக்குவில் எழுதியது:

டொக்டர், மட்டுப்படுத்தும் சரி. புரதஞ்சேரா சரியில்லை. ஓர்னிதின், சிட்ருலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் குருதியில் ஓடுகின்றன. புரதம் கட்டும்போது அவற்றை எவரும் அழைப்பதில்லை. அந்தப் பெயர் அந்த இனத்துக்குரியது. லைசின் இன்று குருதியில் தனியே ஓடும், நாளை மடிக்குள் போய்க் கசீனில் ஏறும். சேரும் இனம், சேராத நிலை. இனத்தையும் நிலையையும் ஒரே சொல்லில் குழைக்கக் கூடாது.

"விடுபட்ட" என்று யாரோ எழுதப் போகிறீர்கள், அதற்கும் முன்கூட்டியே மறுப்பு. விடுபட வேண்டுமானால் முதலில் அகப்பட்டிருக்க வேண்டும். ஆட்டுப்பாலில் பசுப்பாலைவிட மிகுதியாக இருக்கும் தோரின், எந்தப் புரதத்திலும் அகப்பட்டதே இல்லை. (அது சல்போனிக் அமிலம், இந்தப் பட்டியலில் சேர்ப்பதே வழக்கம் கருதித்தான். அந்தச் சண்டை வேறு.) பாடநூலில் "free radical" என்பதற்குச் சுயாதீன மூலிகம் இருக்கிறது. சுயாதீன அமினோ அமிலம் என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

கரவெட்டி எழுதியது:

சுயாதீனம், அமினோ, அமிலம். மூன்று சொற்கள், ஒன்றுகூடத் தமிழில்லை. பேஷ்.

அமிலம், ஆம்லம் என்ற வடசொல்லின் சிதைவு. தமிழில் காடி இருக்கிறது. அமினோ, அம்மோனியாவின் வழிவந்தது. அம்மோனியா என்ற பெயரோ பண்டைய லிபியாவில் இருந்த அம்மோன் கோயிலின் அருகே எடுத்த உப்பினால் வந்தது. அந்த உப்பை நம்மூரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் நவச்சாரம் என்பான். ஆகவே அமினோ அமிலம் நவச்சாரக் காடி.

இனி, சேராது நிற்றல். ஆய்தத்துக்கு நம் இலக்கணம் தனிநிலை என்று பெயரிட்டிருக்கிறது. உயிரும் மெய்யும் கூடினால் உயிர்மெய். அதுபோல் புரதத்துள் கூடியது ஒன்று, கூடாது நிற்பது தனிநிலை. தனிநிலை நவச்சாரக் காடி. இதில் விளங்காதது என்ன?

மானிப்பாய் எழுதியது:

பண்டிதர் ஐயா, நவச்சாரத்தைத் தமிழென்று எழுதிக் கொடுத்தவர் யார்? காடியோ, "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்று ஊர் முழுவதும் கஞ்சியாக இருக்கிறது. பசுவின் குருதியில் கஞ்சி அளக்கச் சொல்கிறீர்களா?

எங்களூரில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் 1875இல் இரசாயன நூலைத் தமிழில் வெளியிட்டபோது அதற்குக் கெமிஸ்தம் என்றே பெயர் வைத்தார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடுப்புப் போட்டார், அவ்வளவுதான். மாணவருக்கு விளங்கியது. "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ", வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியரே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் ஏன் தாழ்ப்பாள் போட வேண்டும்? சுயாதீனமே இருக்கட்டும்.

கரவெட்டி எழுதியது:

கெமிஸ்தம் இன்று யாருடைய வாயில் இருக்கிறது? அதுவே என் விடை. தொல்காப்பியர் எழுத்தை ஒருவச் சொன்னார், வீட்டில் சொல் இருக்கையில் கடன் வாங்கச் சொல்லவில்லை.

கொக்குவில் எழுதியது:

பண்டிதர் ஐயாவுக்குப் பணிவுடன். ஆய்தம் எங்கே தனியாக நிற்கிறது? எஃகு, அஃது, கஃசு. முன்னே ஒரு குறில், பின்னே ஒரு வல்லின உயிர்மெய். இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் அது ஒலிப்பதே இல்லை. இதைவிடக் கட்டுண்ட எழுத்துத் தமிழில் வேறில்லை.

இன்னொன்று. அமிலத்தில் 24 மணி நேரம் வெந்தபின் எல்லாமே தனிநிலைதான். அமினோ அமிலத்துக்கு நிறமூட்டும் நின்கைதரின் விட்டால் இரண்டும் ஒரே ஊதா. கருவி 570 நனோமீற்றர் அலைநீள ஒளியில் அளந்துவிட்டுப் போகும். (புரோலின் என்ற அமினோ அமிலம் மட்டும் மஞ்சள், 440.) எந்த வழியால் வந்தது என்று அது கேட்பதில்லை.

கரவெட்டி எழுதியது:

அப்படியானால் அவித்தெடுத்ததும் சுயாதீனந்தானே? உங்கள் சொல்லுக்கும் அதே ஓட்டை. என்னுடையதில் மட்டும் ஏன் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறீர்கள், மாஸ்டர்?

சாவகச்சேரி எழுதியது:

நீங்கள் இருவரும் பேசி முடிப்பதற்குள் மாடு வற்றிவிடும். நான் கையேட்டின் குருதி எடுக்கும் பகுதியைப் படித்தேன். பிள்ளை, "வயிற்றுப்புற மேற்றோல் நாளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கறவை மாடு வைத்திருப்பவர் அதைப் பால் நரம்பு என்பார். மாணவன் முதலில் மாட்டுக்காரரிடம்தான் கேட்கப் போகிறான். அந்தச் சொல்லையும் பக்கத்தில் போடுங்கள்.

மடிக்குப் போகும் குருதிக்காக வால் நாடியில் ஒரு மாதிரி, மடியிலிருந்து திரும்பும் குருதிக்காகப் பால் நரம்பில் ஒரு மாதிரி எடுக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மடி எடுத்துக்கொண்டது. ஒரு லீற்றர் பாலுக்குச் சுமார் 500 லீற்றர் குருதி மடி வழியே பாய்வதால், ஒவ்வொரு லீற்றரிலும் அந்த வித்தியாசம் சின்னஞ்சிறியது. ஆகவே ஊசியில் குருதியை வெடுக்கென்று இழுத்து மாதிரியைக் கெடுக்கக் கூடாது. சுழற்றியபின் மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் செங்குழியங்கள் உடைந்துவிட்டன. உள்ளிருந்த நொதியம் வெளியே வந்து ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கத் தொடங்கியிருக்கும். கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். இது கையேட்டில் இல்லை. சொல்லைவிட இது அவசரம் என்பது என் எண்ணம்.

திருநெல்வேலி எழுதியது:

டொக்டர், சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி. பால் நரம்பும் போட்டாயிற்று.

சொல்லுக்கு வருகிறேன். மானிப்பாய், கொக்குவில் இருவரும் சுயாதீனம் என்கிறார்கள். டொக்டர் தனி மடலில் "எதையாவது போடுங்கள், சுயாதீனமே போடுங்கள்" என்றார். அதையும் ஒரு வாக்காக எடுத்துக்கொள்கிறேன். பண்டிதர் ஐயா கேட்ட கேள்விக்கு மாஸ்டர் இன்னும் பதில் தரவில்லை, அது நியாயமான கேள்வி. எந்த அடைமொழியும் அந்த ஓட்டையை அடைக்காது என்று தோன்றுவதால், முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "சுயாதீன அமினோ அமிலம் என்பது நீர்ப்பகுப்புக்கு முன்னரே, புரதத்தோடு பிணையாமல் மாதிரியில் கரைந்திருப்பது." அமிலத்தில் அவித்து வருவதற்கு "மொத்த அமினோ அமிலம்". குருதி குருதியாகவே இருக்கும். பின்னிணைப்பில் இரத்தம் உண்டு.

கோயம்புத்தூர் எழுதியது:

சரி. எங்கள் பதிப்பு வந்தால் கட்டற்ற என்றுதான் அச்சாகும். இங்கே கட்டாக்காலி என்ற சொல்லே யாருக்கும் தெரியாது.

கரவெட்டி எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. கலைச்சொற் பட்டியலில் தனிநிலை என்பதையும் ஒரு மூலையில் போடுங்கள், பிள்ளை. அதிருக்க, அமினோ, அமிலம் இரண்டுக்கும் நடுவில் ஏன் இடைவெளி? ஓகார ஈற்றின் முன் உயிர் வந்தால் வகர உடம்படுமெய். அமினோவமிலம் என்று சேர்த்து எழுதுவதுதான் முறை. மாஸ்டர் இதற்காவது பதில் சொல்லட்டும்.