புதுப்பிப்பு: புதுச்சேரி வீட்டுப் பாகப் பிரிவினை வழக்கு

பழைய குடும்ப வீட்டு வழக்கில் "இந்து வாரிசுரிமைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது" என்று என் சீனியர் சொன்னதை முன்பு இங்கே எழுதி, காரணம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

கட்சிக்காரரின் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பத்திரம் வந்தது. மடிப்புகளில் கிழிந்த தாள், பிரெஞ்சு வரிகளுக்குக் கீழே தமிழில் கையொப்பம். அப்போது புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு அரசின் 1881 ஆம் ஆண்டு ஆணைப்படி கொள்ளுத்தாத்தா தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, புதிதாக ஒரு குடும்பப் பெயரும் சூடிக்கொண்டார். அந்தத் துறப்பைத் திரும்பப் பெற முடியாது; வாரிசுகளையும் அது கட்டும். புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்தது 1962இல். அதற்குப் பிறகும் இக்குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் விரிவாக்கப்படவில்லை.

என்னை உலுக்கியது இதுதான்: அந்தப் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இந்துச் சட்டப்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு அந்த உரிமை தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுவதும் 2005இல்தான் வந்தது.

பொது சிவில் சட்டம் பற்றி நம் ஜூனியர்கள் வாதிடும்போது போர்ச்சுகீசிய சிவில் சட்டம் தொடரும் கோவாவை மட்டுமே எடுத்துக்காட்டுகிறார்கள். பக்கத்துத் தெருவில் இருப்பதைப் படிக்காமல் வாதிடுவது எனக்கு வருத்தம்தான். ஆனால் பிரான்ஸில் பின்னாளில் வந்த திருத்தங்கள் இங்கே செல்லாது. உறைந்துபோன சட்டத்தை அப்படியே வைத்திருப்பதும் நியாயமல்ல என்பதே என் கருத்து.

பத்திரத்தின் மொழிபெயர்ப்புக்குச் சான்று பெற்று, அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்கிறோம்.