எக்ஸ்பான்ஷன் ஏற்றிய கதைகள், லாஞ்சரோடும் லாஞ்சர் இல்லாமலும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் எழுதுங்கள்

ஃபீனிக்ஸ் வாசி, டர்பன்

2023 செப்டம்பர். சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேமுக்கு 21-ஆம் தேதி 2.0 பேட்ச் (திருத்தத் தொகுப்பு) எல்லோருக்கும் இலவசமாக வந்தது, 26-ஆம் தேதி காசு கொடுத்தவர்களுக்கு ஃபேண்டம் லிபர்ட்டி என்ற எக்ஸ்பான்ஷன், அதாவது விளையாட்டோடு சேரும் கூடுதல் பகுதி. ஏற்றியவர்களுக்கு இது தெரிந்த கதை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சின்ன யுபிஎஸ் உண்டு, கம்ப்யூட்டருக்குக் கிடையாது. மின்வெட்டுக்கு 55 நிமிடம் இருக்கும்போதே போனில் எச்சரிக்கை வந்துவிட்டது. டவுன்லோட் முடிந்து, டிஸ்க்கில் எழுதும் வேலை மட்டும் பாக்கி. பழைய சுழலும் டிஸ்க் என்பதால் அது நகர மறுத்தது. கோடு கடைசி விரற்கடைக்கு வந்த நேரத்தில் தெரு முழுக்க இருட்டு. ரவுட்டரின் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இன்டர்நெட் இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை. அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கரண்ட் வந்த பிறகு லாஞ்சரை (விளையாட்டுகளை இறக்கி, ஏற்றி, திறக்கும் செயலி) திறந்தால் 'நிறுவப்பட்டது' என்கிறது. விளையாட்டுக்குள் போனால் எக்ஸ்பான்ஷனைக் காணோம். ஃபைல்களைச் சரிபார்க்கச் சொன்னதும் சிலவற்றை மட்டும் திரும்ப இறக்கிச் சரி செய்துகொண்டது. எது எந்த லாஞ்சர் என்பது முக்கியமில்லை. பாதி எழுதிய ஃபைலை வைத்துக்கொண்டு முடிந்துவிட்டது என்று அது எப்படிச் சொல்கிறது? இதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது மனதில் நிற்கிறது என்றால் எழுதுங்கள்.

லெனேசியாக்காரர், ஜோகன்னஸ்பர்க்

தம்பி, நான் சொல்வது அதற்கெல்லாம் முந்தைய காலம். இங்கே ஏடிஎஸ்எல் (போன் லைன் வழி இன்டர்நெட்) வந்த புதிதில் மாதத்துக்கு 3 ஜிபி வரம்பு. ஒரு பேட்சை இறக்கினால் வீட்டில் சண்டை வரும். அதனால் நாக் என்ற கேமிங் பத்திரிகையோடு வரும் டிவிடிக்காகக் காத்திருப்போம். டெமோ, டிரெய்லர் எல்லாம் மற்றவர்களுக்கு, எங்களுக்கு பேட்ச் ஃபோல்டர்தான் முக்கியம்.

2009-இல் நார்த்ரைடிங் டோமில் நடந்த ரேஜ் கேமிங் கண்காட்சிக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைத்துச் சேர்ந்து ஆடும் லேன் கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள். வார்கிராஃப்ட் 3, அதன் எக்ஸ்பான்ஷன் ஃப்ரோஸன் த்ரோன் போட்டு, அதில் ஓடும் டோட்டா மேப்பை ஆட உட்கார்ந்தோம். அந்த ஆண்டுதான் 1.24 பேட்ச் வந்திருந்தது. பழைய மேப்கள் நிறைய அதில் ஓடாமல் போய், புதிதாக எழுத வேண்டியிருந்தது நினைவிருக்கும். எங்கள் மேசையில் பாதிப் பேர் 1.24, மீதிப் பேர் பழையது. ஒருவர் போட்ட ஆட்டம் மற்றவர் திரையில் தெரியவே இல்லை.

எதிர் வரிசையில் இருந்த ஓர் ஆஃப்ரிகானர் பையன் எழுந்து வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கர் பேனாவில் '1.24' என்று எழுதிய ஒரு டிவிடியை என் விசைப்பலகை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்த ஃபைலை இரண்டு தடவை கிளிக் செய்தால் போதும், லாஞ்சரும் இல்லை, கணக்கும் இல்லை. மேசை மேசையாக அந்த டிவிடி போனது. எங்கே போய் நின்றது என்று தெரியாது, அவனைத் திரும்பப் பார்க்கவும் முடியவில்லை. அந்த டோம் இன்று கார் விற்கும் இடம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவன் முகம் நினைவுக்கு வரும். லாஞ்சர் வந்த பிறகு மனிதருக்கு மனிதர் கொடுத்து வாங்குவது போய்விட்டது என்பது என் உறுதியான கருத்து.

மிட்ராண்ட் குடும்பஸ்தன்

முதலில் ஃபீனிக்ஸ் தம்பிக்குப் பதில். லாஞ்சர் எதை ஏற்றியிருக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்குக் குறிப்பு வைத்திருக்கும். ஸ்டீம் என்ற லாஞ்சரில் அது ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஏசிஎஃப் ஃபைல், மற்ற லாஞ்சர்களில் வேறு வடிவம். விண்டோஸ் ஒரு ஃபைலை எழுதிவிட்டேன் என்று சொன்னாலும் கொஞ்சம் பாகம் மெமரியிலேயே நின்றிருக்கும், பிறகுதான் டிஸ்க்குக்குப் போகும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் குறிப்பில் 'முடிந்தது' என்று இருக்கும், டிஸ்க்கில் பாதிதான் இருக்கும். சரிபார்க்கும்போதுதான் ஒவ்வொரு ஃபைலையும் உண்மையில் படித்துப் பார்க்கிறது. அதனால் மின்வெட்டுக்குப் பிறகு விளையாட்டைத் திறக்கும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

என் கதை சின்னது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மனைவியின் தங்கை வீட்டில் நல்ல லைன் கிடையாது. அவர்கள் பையன் விட்சர் 3 விளையாட்டைக் கேட்டான். ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கி ஆஃப்லைன் இன்ஸ்டாலரை (லாஞ்சர் இல்லாமலே ஏற்றும் நிறுவி) எல்லாம் வெளி டிஸ்க்கில் போட்டுக் கொண்டுபோனேன். அதன் எக்ஸ்பான்ஷன் பிளட் அண்ட் ஒயினின் நிறுவி மட்டும் 'விளையாட்டைக் காணவில்லை' என்றது. பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வைக்காகத்தான் கீழே இவ்வளவு எழுதுகிறேன்.

நிறுவியில் ஒரு எக்ஸிஇ, கூடவே 4 ஜிபிக்குள் வெட்டிய '.bin' ஃபைல்கள் பல இருக்கும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. எக்ஸ்பான்ஷன் நிறுவி பேஸ் (அடிப்படை) விளையாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று விண்டோஸின் உள் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தேடும். ஃபோல்டரை மட்டும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்து வைத்திருந்தால் அந்தக் குறிப்பு இருக்காது, எனவே காணவில்லை என்று சொல்லும். அங்கே நடந்ததும் அதுதான், பையனின் நண்பன் ஏற்கனவே பேஸ் விளையாட்டை அப்படிக் காப்பி செய்து கொடுத்திருந்தான். முறையாக நிறுவியதும் இரண்டு எக்ஸ்பான்ஷனும் சேர்ந்துகொண்டன.

அப்புறம் வெர்ஷன். 2022 டிசம்பர் 14-இல் விட்சர் 3-க்கு 4.0 வெர்ஷன் வந்தது. அதற்கு முன் இறக்கி வைத்த, இன்னொரு எக்ஸ்பான்ஷனான ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனின் நிறுவியைப் புதிய பேஸோடு கலக்காதீர்கள். பேஸை இறக்கும் அன்றே எக்ஸ்பான்ஷன்களையும் இறக்கி, ஃபோல்டர் பெயரிலேயே வெர்ஷன் எண்ணைப் போட்டு வையுங்கள். பிறகு லாஞ்சர் வேண்டும் என்று தோன்றினாலும் ஜிஓஜியின் லாஞ்சரான கேலக்ஸி அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும், மறுபடி இறக்கத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கியது நம் டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளேர்வுட் பேத்தி, டர்பன்

லெனேசியா அண்ணா, கொடுத்து வாங்குவது போய்விட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மிட்ராண்ட் அண்ணா சொல்வதும் எல்லா விளையாட்டுக்கும் நடக்காது. எல்டன் ரிங் ஜிஓஜியில் இல்லையே, நான் என்ன செய்வது?

2024 ஜூன் 21, எல்டன் ரிங்கின் எக்ஸ்பான்ஷன் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ வந்த நாள். அந்தக் குளிர்காலத்தில் லோட் ஷெட்டிங் இல்லை, மார்ச் கடைசியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அக்காவும் நானும் ஆளுக்கொன்று வாங்கினோம். என்னுடையது முதலில் இறங்கியது. ஸ்டீமில் 2023 பிப்ரவரியிலிருந்து ஒரே வீட்டு நெட்வொர்க்குக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. டவுன்லோட் அமைப்பில் போய் 'நண்பர்களுக்கு மட்டும்' என்று வைத்தேன். அக்கா அறையில் அதே விளையாட்டை அழுத்தினாள், என் டிஸ்க்கிலிருந்து அவளுக்குப் போக ஆரம்பித்தது. இரண்டு பேரும் அவரவர் காசில் வாங்கியதுதான், வெளியிலிருந்து இரண்டு முறை இறக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். இதுவும் கொடுத்து வாங்குவதுதானே அண்ணா?

ஆனால் மனதில் நிற்பது அதுவல்ல. எல்லாம் ஏறி முடிந்து அக்கா உள்ளே போனாள், எக்ஸ்பான்ஷனுக்குள் நுழைய வழியே இல்லை. பேஸ் விளையாட்டில் ராடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளை வென்றால்தான் மோக்வின் அரண்மனையில் இருக்கும் ஒரு கையைத் தொட்டு அந்தப் பக்கம் போக முடியும். அக்கா மோகின் பக்கமே போனதில்லை. வேலையிலிருந்து பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் டீ போட்டாள். நிறுவுவது வேறு, கதவு திறப்பது வேறு. வாங்கும் முன் அந்த நிபந்தனையைப் படிக்கச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரர்களிடம்.

டோங்காட் தம்பி

எங்கள் அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒரு வரலாற்று வியூக விளையாட்டில் இறங்கினார். பேர் வேண்டாம், ஆடுபவர்களுக்குப் புரியும். எக்ஸ்பான்ஷன் வாங்காவிட்டாலும் அதோடு சேர்ந்த இலவச பேட்ச் தானாகவே வந்துவிடும் வகை. தினமும் மாலை ஒரே ராஜ்யம், ஒரே சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்). ஒரு நாள் காலையில் லாஞ்சர் அப்டேட் செய்து வைத்திருந்தது. அப்பா திறந்தார். சேவ் பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் மங்கிக் கிடந்தது. அதன் மேல் மவுஸை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "இது எங்கடா போச்சு?" என்றார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மிட்ராண்ட் குடும்பஸ்தன்

தம்பி, உடனே செய்யுங்கள். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் அந்தச் சேவ் ஃபைலை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். ஸ்டீம் என்றால் விளையாட்டின் பிராப்பர்ட்டீஸில் பீட்டா பகுதிக்குப் போங்கள். அந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலும் பழைய வெர்ஷன்களை அங்கே வைத்திருப்பார்கள், அப்பா ஆடிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அப்டேட் பகுதியில் 'திறக்கும்போது மட்டும் புதுப்பி' என்று மாற்றுங்கள். ராஜ்யம் முடிந்த பிறகு புதிய வெர்ஷனுக்குப் போகலாம்.

டோங்காட் தம்பி

பழைய எண் இருந்தது அண்ணே. சேவ் திறந்துவிட்டது. எக்ஸ்பான்ஷனை அப்பாவே பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

லெனேசியாக்காரர்

கிளேர்வுட் தங்கச்சி, உங்கள் வீட்டில் விளையாட்டை அக்காவுக்கு மாற்றியது கேபிளிலா வைஃபையிலா? நான் பையனுக்குச் செய்து பார்த்தேன், நகரவே இல்லை.

கிளேர்வுட் பேத்தி

கேபிள்தான் அண்ணா, இரண்டு கம்ப்யூட்டரும் ரவுட்டரில் நேராக. வைஃபையில் என்றால் பொறுமை வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்டீம் திறந்திருக்க வேண்டும், பையனின் கணக்கு உங்கள் நண்பர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் கொடுக்கும் கம்ப்யூட்டர் தூங்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது தூங்கினால் மீதியை வெளியிலிருந்து இறக்க ஆரம்பித்துவிடும்.