பின்னாலேயே வந்து கடிக்காமல் திரும்பிய மீன்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கழிமுகவாசி

வற்றம் (கடல் நீர் இறங்குவது) தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அலையாத்திக்குள்ளிருந்து வரும் சின்ன ஓடை பெரிய கழியில் சேரும் இடம். உள்ளேயிருந்து வரும் கலங்கலும் வெளித் தெளிவும் சேரும் கோடு பளிச்சென்று தெரிந்தது, அந்தக் கோட்டை ஒட்டித்தான் கொடுவா நிற்கும் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. லூர் (தூண்டிலில் கட்டும் பொய்யிரை) 9 செ.மீ. சஸ்பெண்டிங் மின்னோ, அதாவது இழுப்பை நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்க வேண்டிய குட்டிமீன் வடிவம், வெள்ளி உடம்பு, கறுத்த முதுகு. இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு சுண்டு. அப்படி ஒரு நிறுத்தத்தில் லூருக்குப் பின்னால் முழு மீனும் தெரிந்தது. வாய்க்கும் லூருக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. செவுள் மட்டும் அசைகிறது, வால் அசையவில்லை. நானும் ராடை அசைக்கவில்லை. அப்போது பார்த்து லூர் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது. மீன் அதைப் பார்த்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, கீழே போய்விட்டது. அதன் பிறகு பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் வீசியும் அது திரும்ப வரவில்லை.

இத்தனைக்கும் வாங்கியதும் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது அதே லூர் விட்ட இடத்தில் அசையாமல் நின்றது. அந்த மீன் ஏன் திரும்பியது என்பது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்படி வந்து பார்த்துவிட்டுப் போன மீன் உங்களுக்கும் இருந்தால் சொல்லுங்கள்.

பாறைமுனை

எனக்குப் பாறை மீனோடு நடந்தது. விடியற்காலை, கூட்டமாக மேலே வந்து தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன, எட்டிப் போட்டால் விழும் தூரம்தான். 28 கிராம் ஸ்பூனை (கரண்டி வடிவ உலோக லூர்) கூட்டத்துக்கு அப்பால் வீசி நடுவே இழுத்தால் நாலைந்து மீன் பின்னால் வருகின்றன, சுற்றுகின்றன, விலகிப் போகின்றன. வேகமாக இழுத்தாலும் அப்படித்தான், நிறுத்தி நிறுத்தி இழுத்தாலும் அப்படித்தான். பக்கத்தில் நின்றவர் எப்படியோ ஒன்றைக் கரையேற்றினார். அது பாறை மேல் துள்ளும்போது கக்கியதைக் குனிந்து பார்த்தேன். அவ்வளவும் கூனி இறால். கண்ணும் கோடும் மட்டும் தெரிகிற, நகத்தளவு உடம்பு. அதைத் தின்றுகொண்டிருக்கிற மீனுக்கு முன்னால் விரல் நீளத்துக்கு ஒரு இரும்பைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

3.5 கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்) 4 செ.மீ. கண்ணாடி நிற மென் பிளாஸ்டிக் லூரை மாட்டினேன். ஆனால் அது கூட்டம் வரைக்கும் போகவே இல்லை, காற்று எதிரே வேறு. அப்புறம் அதே ஸ்பூனின் முள்ளைக் கழற்றிவிட்டு, அதன் வால் வளையத்தில் ஒரு முழம் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தனித் தூண்டில் நரம்பு) கட்டி, நுனியில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக்கை, ஈயமே இல்லாத வெறும் முள்ளில். ஸ்பூன் வெறும் எடைக்குத்தான். விழுந்து இரண்டு சுற்று சுற்றியதும் ராடு வளைந்தது. அந்த வளைவு இப்போது நினைத்தாலும் கையில் தெரிகிறது.

அதனால் நான் சொல்வது, முதலில் அளவு. மீன் அந்த நேரத்தில் எதைத் தின்கிறதோ அதன் நீளம். நிறமெல்லாம் பிறகு.

இருட்டுவீச்சு

"நிறமெல்லாம் பிறகு" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிலா இல்லாத இரவு, பாலத்து விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழுந்து, தூண் நிழல் தொடங்கும் விளிம்பு. வெள்ளை மின்னோவுக்குப் பின்னால் தண்ணீர் வீங்கி வீங்கி அடங்குகிறது, மீன் வருவது தெரிகிறது, கடி இல்லை. அதே நீளம், அதே கம்பெனி, அதே ஆழத்தில் ஓடுகிற கறுப்பை மாற்றினேன். நிழல் விளிம்பைத் தாண்டியதும் "போக்" என்று ஒரு சத்தம். கொடுவா கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அது பல்லால் கவ்வுகிற மீன் இல்லை, வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும், சத்தம் அதனால் வருவதுதான். மாறியது நிறம் ஒன்றுதான்!

காரணமும் இருக்கிறது. மீன் கீழேயிருந்து மேலே பார்க்கிறது, வானம் எவ்வளவு இருட்டினாலும் தண்ணீரைவிட வெளிச்சம். அதில் கறுப்பு வெட்டித் தெரியும், வெள்ளை கரைந்து போகும். பகலில் கணக்கு வேறு. தெளிந்த கடல் தண்ணீரில் முதலில் மங்குவது சிவப்பு, கொஞ்சம் ஆழம் போனாலே அது வெறும் இருண்ட சாம்பல். ஆனால் இலை தழை ஊறிய கழித் தண்ணீர் நீலத்தைத்தான் சீக்கிரம் விழுங்கும், அங்கே பச்சையும் மஞ்சளும் தூரம் போகும். கலங்கலில் பச்சை மஞ்சள் போடு என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

பாறைமுனை

நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தான் பேசுகிறது. இருட்டில் கறுப்பு வேலை செய்தது நிறத்தால் இல்லை, உருவம் வெட்டித் தெரிந்ததால். அடர்த்தியான நீலமோ ஊதாவோ போட்டிருந்தாலும் அந்த மீன் அடித்திருக்கும். நிறம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இருட்டுவீச்சு

பெட்டியைத் திறந்து எதை எடுப்பது என்று யோசிக்கும்போது வெள்ளையா கறுப்பா என்றுதான் கை தேடுகிறது. மீனுக்கு அது உருவமாகத் தெரிந்தால் என்ன, எடுக்கிறவனுக்கு அது நிறம்.

உயிரிறால்

பாலத்துத் தூணடியில் செப்பிலி மீன். நண்பர் பிளாஸ்டிக்கை வீச வீச, தூணின் நிழலிலிருந்து சிவப்பாக ஒன்று வெளியே வந்து, பார்த்து, உள்ளே போனது. திரும்பத் திரும்ப அதே மீன். நான் ஈயமே இல்லாமல் ஒரு உயிர் இறாலைத் தூணை ஒட்டி விட்டேன், அது தரையைத் தொடவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் உயிர் இறாலை எப்படி மாட்டுவது என்று பலருக்குப் பிடிபடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். தலையில் கொம்பு இருக்கிறதல்லவா, அதன் அடியில் கறுப்பாக ஒரு புள்ளி ஓட்டுக்குள் தெரியும். முள் அந்தப் புள்ளியில் பட்டால் இறால் அங்கேயே செத்தது. புள்ளிக்கு முன்னால், கொம்புக்குக் கீழே குறுக்காக மாட்டினால் நெடுநேரம் உயிரோடு உதைக்கும். தூரம் வீச வேண்டுமென்றால் வால் கணுவில் மாட்டுங்கள், தலையில் மாட்டியது வீச்சில் கிழிந்து போகும். முள் மெல்லிய கம்பியாக இருக்கட்டும், தடித்த முள்ளின் கனமே இறாலைக் களைப்பாக்கிவிடும். ஈயம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, நீரோட்டம் இழுத்தால் மட்டும் ஒரு பட்டாணி ஈயம், அதுவும் முள்ளிலிருந்து இரண்டு முழம் தள்ளி.

வாளியில் வைத்திருப்பதிலும் கவனம் வேண்டும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும், அதனால் நிழலில் வையுங்கள், அளவுக்கு மேல் அடைக்காதீர்கள், செத்ததை உடனே எடுத்துப் போடுங்கள். குளிர வைக்க ஐஸைத் தண்ணீரில் நேராகப் போடவே கூடாது, உருகினால் உப்பு குறைந்து இறால் சாகக்கூடும். மூடிய பாட்டிலில் உறைய வைத்து அப்படியே மிதக்க விடுங்கள். இறால் கிடைக்காத நாளில் மடவைக் குஞ்சு. நீரோட்டத்தில் மேலுதட்டில் மாட்டினால் எதிரே நின்று நீந்தும், அசையாத தண்ணீரில் முதுகுத் துடுப்புக்கு முன்னால் மாட்டலாம், முதுகெலும்பில் படாமல். செத்த இரைதான் என்றால் சாளைத் துண்டு, எண்ணெய் கசிந்து வாசம் தூரம் போகும், முந்தின இரவே உப்புத் தூவி வைத்தால் சதை இறுகி முள்ளில் நிற்கும். சின்ன மீன் கொத்திக்கொண்டே இருந்தால் கணவாய்த் துண்டு, அது சீக்கிரம் போகாது. சர்க்கிள் முள் (நுனி உள்நோக்கி வளைந்தது) போட்டிருந்தால் கடி வந்ததும் வெட்டி இழுக்காதீர்கள், நரம்பு இறுகும் வரை சும்மா சுற்றுங்கள், அது தானாகக் கடைவாயில் ஏறும். இரவில் செத்த இரைக்குக் கெளுத்தியும் வரும், முதுகில் ஒன்று பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள்ளிலும் விஷம் உண்டு, வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஈயத்துண்டு

கழிமுகவாசி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. விடை அவர் எழுத்திலேயே இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் நின்ற லூர் கழியில் ஏறியது என்றால் அது உப்பு.

கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் கனம். 15 கிராம் லூர் நல்ல தண்ணீரில் அசையாமல் நிற்கிறது என்றால் அது 15 மில்லி இடத்தை அடைக்கிறது. அதே இடத்துக்குக் கடல் தண்ணீர் 15.4 கிராம் வரும். அந்த 0.4 கிராம்தான் உங்கள் லூரை மேலே தூக்கியது. சுண்டும்போது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். நானும் இதை ஒரு கொடுவாவின் முகத்துக்கு நேரே பார்த்தேன், அது கண்ணை மேலே உருட்டியதுகூடத் தெரிந்தது, அதற்கப்புறம்தான் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டேன்.

சரி செய்வது சுலபம். ஒட்டுகிற ஈயத் தகட்டை வயிற்றில், முன் முள்ளுக்குச் சற்று முன்னால் ஒட்டுங்கள். மூக்கில் ஒட்டினால் தலை கவிழ்ந்துவிடும், வாலில் ஒட்டினால் ஆட்டமே போய்விடும். அல்லது முள்ளையும் வளையத்தையும் ஒரு அளவு தடிமனாக மாற்றுங்கள். சோதிப்பது வீட்டில் இல்லை, வீசப் போகும் தண்ணீரிலேயே, காலடியில் விட்டுப் பாருங்கள்.

கழிமுகவாசி

இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் எழுதினேன், ரொம்ப நன்றி அண்ணா. மழை பெய்து கழியில் நல்ல தண்ணீர் இறங்கியிருக்கும்போது ஈயம் ஒட்டியது மூழ்குமே?

ஈயத்துண்டு

மூழ்கும் தம்பி. மழைக்குப் பிறகு மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர் என்று அடுக்காகக்கூட நிற்கும், மேலே இறங்குகிற லூர் கீழே போய்த் தயங்கி நிற்கும். அந்த நாட்களில் தகட்டை உரித்துவிடுங்கள். மெதுவாக மூழ்குவதைக்கூட கொடுவா பொறுத்துக்கொள்ளும், மேலே ஏறுவதைத்தான் சந்தேகப்படுகிறது என்பது என் அனுபவம்.

கம்பிலீடர்

உயிரிறால் நண்பரே, எழுதியது எல்லாம் சரி, ஆனால் கேட்டது லூர் பின்னால் வந்து திரும்பிய மீனைப் பற்றி. உயிர் இரை போட்டால் கடிக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது.

எனக்கு நடந்தது சீலாவிடம். தெளிந்த தண்ணீர், உச்சி வெயில், ஜிக்குக்கு (கனமான உலோக லூர்) மேல் கம்பி லீடர். சீலா பின்னால் வருகிறது, கம்பியின் மினுக்கம் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. கம்பியைக் கழற்றி, தண்ணீரில் அதிகம் தெரியாத ஃப்ளூரோகார்பன் நரம்பைக் கட்டினேன். அடுத்த வீச்சிலேயே அடித்தது, ஒரு நொடி கனம், பிறகு வெறும் நரம்பு. வெட்டின நுனி சவரக்கத்தி வைத்ததுபோல நேராக இருந்தது. வாயில் ஜிக்கோடு போன அந்த மீனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, அதனால் கம்பி இல்லாமல் போடு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். இப்போது கம்பியை ஒரு சாணாகக் குறைத்து, மினுக்காத பழுப்புக் கம்பியாகப் போடுகிறேன், வேகத்தையும் கூட்டுகிறேன். பார்க்க நேரம் கொடுத்தால்தானே பார்க்கும்.

ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் மறைந்தே போகும் என்று சொல்வதையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, அதற்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். நைலானைவிடக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

உயிரிறால்

லூருக்குப் பின்னால் வந்த மீன் இறாலை எடுத்தது என்பதும் அதே பேச்சுதான் என்று நினைத்து எழுதினேன். அந்தச் செப்பிலி பசியில்லாமல் திரும்பவில்லை, அதற்கு வேண்டியது வேறு என்பதைச் சொன்னேன்.

வாலறுப்பு

எனக்கு வந்து பார்த்துத் திரும்புவதில்லை, வால் மட்டும் போகிறது. டக் டக் என்று இரண்டு தட்டு, சுற்றி எடுத்தால் பிளாஸ்டிக்கின் வால் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருக்கும். பேத்தை. தெளிந்த தண்ணீரில் ஒருமுறை கண்ணாலேயே பார்த்தேன், லூருக்குப் பின்னால் நிதானமாக வந்து, வாலை நறுக்கி, அதைத் துப்பிவிட்டுப் போனது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் போடுவதை விட்டுவிட்டு உலோக ஜிக்குக்கு மாறிவிட்டேன்.

கல்லணைக்காரன்

நிறுத்து, நிறுத்து என்று மேலே சொல்வதெல்லாம் கொடுவாவுக்குச் சரி. தோல்பாறைக்கு அதைச் செய்தால் மீன் போய்விடும். அலைதடுப்புக் கல் மேலிருந்து மேல்மட்ட ஸ்டிக்பெய்ட் (குச்சி போன்ற லூர்) இழுத்துக்கொண்டிருந்தேன், பின்னால் நீளமாக ஒரு வெள்ளி, வாயைத் திறந்து மூடிக்கொண்டே வருகிறது, கல் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் நிறுத்துங்கள் என்று கத்தினார். எனக்கு அது தப்பிக்கிற இரையைத் துரத்துகிற மீனாகத்தான் பட்டது, அதனால் ராடை ஒரு பக்கம் சாய்த்து, சுற்ற முடிந்த அளவுக்கு வேகமாகச் சுற்றினேன். காலடியில், கல்லுக்கு ஒரு முழம் முன்னால் திரும்பி அடித்தது. தண்ணீர் முகத்தில் தெறித்தது. நிறுத்தச் சொன்னவர் இன்னும் அது தற்செயல் என்றுதான் சொல்கிறார், அவரோடு இந்த விஷயத்தில் ஒத்துப்போகவே முடியவில்லை.

காலடியில் அடிக்கும் மீனுக்கு ஒன்று கவனியுங்கள். பிரெய்டு (பின்னல் நரம்பு) அவ்வளவாக நீளாது, வெளியே இருப்பதோ லீடரும் கொஞ்சம் நரம்பும்தான். ரீலின் ட்ராகை (மீன் இழுத்தால் நரம்பை விடும் பிடியை) வழக்கமான இறுக்கத்தில் வைத்திருந்தால் முள் நிமிர்ந்துவிடும் அல்லது வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். லூர் பாதி தூரம் வந்ததுமே ஒரு திருகு தளர்த்திவிட்டு மீதியை இழுங்கள்.