நிறுவன விழாக்களுக்கு அழைப்புப் பெற எத்தகைய காணொளி வேண்டும்?

கேள்வி: திருச்சி மேடைக்குரல்

அனைவருக்கும் வணக்கம். நான் 11 ஆண்டுகளாகத் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வட்டாரத்தில் கோயில் திருவிழாக்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் மிமிக்ரியும் சிரிப்புரையும் நிகழ்த்தி வருகிறேன். இதுவரை எனக்குக் கிடைத்த வாய்ப்புகள் எல்லாம், ஒரு விழாவில் என்னைப் பார்த்தவர் பக்கத்து ஊர்க்காரரிடம் சொல்லி, அவர் தொலைபேசியில் அழைத்து வந்தவையே. கடந்த ஓராண்டாகச் சென்னை, கோவை நிறுவனங்களின் ஆண்டு விழாக்களுக்கும் முயன்று வருகிறேன். அங்குள்ள ஏற்பாட்டாளர்கள் நான் பேசத் தொடங்கும் முன்பே, "வீடியோ லிங்க் அனுப்பி வையுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

சென்ற தை மாதம் 8,000 ரூபாய் செலவழித்து, ஒரு ஒளிப்பதிவாளரை வைத்து 4 நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்தேன். தொடக்கத்தில் என் பெயர் பறந்து வந்து நிற்கும். நான் மேடையேறும் காட்சி மெதுவாக ஓடும். பின்னணியில் திரைப்பட இசை ஒலிக்கும். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் 20 பேருக்கு மேல் அனுப்பியும் ஒருவர்கூடத் திரும்ப அழைக்கவில்லை. அன்றைய விழாவில் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. காணொளியில் பார்த்தால் நான் யாருமில்லாத இடத்தில் பேசிக்கொண்டிருப்பது போல் இருக்கிறது. எங்கே தவறினேன் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கோவை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்

வணக்கம் ஐயா. உங்களைப் போன்றோரின் லிங்க்குகளை நாள்தோறும் திறந்து பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். விழா நடத்தும் நிறுவனத்தின் மனிதவளத் துறையினர் அந்தக் காணொளியைச் சிரிப்பதற்காகப் பார்ப்பதில்லை. நிர்வாக இயக்குநர் குடும்பத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது இவர் ஏடாகூடமாக எதையாவது பேசிவிடுவாரா, இரவு உணவுக்கு எழுந்திருக்கத் துடிக்கும் 300 பேரை இவரால் அரை மணி நேரம் உட்கார வைக்க முடியுமா என்ற இரண்டு கவலைகள்தாம் அவர்களுக்கு. நிகழ்ச்சி சொதப்பினால் மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆகவே அவர்களுடைய அச்சத்தைப் போக்குவதே உங்கள் காணொளியின் வேலை.

பெயர் பறந்து வருவதை எடுத்துவிடுங்கள். நான் ஒரு லிங்க்குக்கு அரை நிமிடம் கொடுப்பதே அதிகம். அதற்குள் ஒரு முழு நகைச்சுவையும் அதற்குக் கூட்டம் சிரித்த சிரிப்பும் வந்துவிட வேண்டும். பெயரை ஓரத்தில் எழுத்தாகப் போட்டால் போதும். இரண்டு, இரண்டரை நிமிடத்தில் ஒரு தொகுப்பும், அதோடு எங்கும் வெட்டாத 6 அல்லது 7 நிமிடப் பதிவு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நல்ல சிரிப்புகளை ஒட்டித் தொகுப்புச் செய்வது யாராலும் முடியும் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால், தொகுப்பு பிடித்திருந்தால் உடனே முழுப் பதிவைத்தான் கேட்போம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் கைப்பேசி எண் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் காணொளியை என்னைப் போன்ற இடைநிலை ஏற்பாட்டாளர் வாடிக்கையாளருக்கு அனுப்பத் தயங்குவார், ஏனெனில் அடுத்த ஆண்டு அவர்கள் நேராக உங்களையே அழைத்துக்கொள்வார்கள். எண் உள்ள பிரதி ஒன்று, எண் இல்லாத பிரதி ஒன்று என இரண்டாகத் தயாரித்து, எங்களுக்கு இரண்டாவதை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாகவே அனுப்பினால் படம் மங்கிப்போகும்; யூடியூபில் ஏற்றி லிங்க்காக அனுப்புவதே நல்லது.

மறுமொழி 2: ஒலிப்பதிவுக்காரன்

கூட்டம் சிரித்தும் காணொளியில் சிரிப்பு இல்லை என்கிறீர்கள். அதற்குக் காரணம் நீங்கள் அல்லர் என்றே நினைக்கிறேன். ஒளிப்பதிவாளர் மிக்சரிலிருந்து, அதாவது மேடை மைக்குகளின் ஒலி வந்து சேரும் கருவியிலிருந்து, வரும் ஒலியை மட்டும் எடுத்திருப்பார். மேடையில் நாம் பிடிக்கும் கைமைக், வாய்க்கு அருகிலிருக்கும் குரலை மட்டும் வாங்கி, சுற்றியுள்ள சத்தத்தைத் தள்ளிவிடும்படி அமைந்தது. அதனால் உங்கள் குரல் தெளிவாக விழுந்திருக்கும். எதிரே இருந்த கூட்டத்தின் குரல் விழுந்திருக்காது. மிச்சம் மீதியையும் திரைப்பட இசை மூடியிருக்கும். அந்த இசையால் வேறு சிக்கலும் உண்டு: யூடியூப் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும், உரிமையாளர் விரும்பினால் காணொளியையே முடக்கலாம்.

அடுத்த முறை மிக்சரிலிருந்து ஒரு பதிவும், மேடையின் முன்விளிம்பில் கூட்டத்தைப் பார்த்தபடி வைத்த மற்றொரு கருவியில் ஒரு பதிவுமாக எடுங்கள். இரண்டாவதற்கு நல்ல கைப்பேசியே போதும், ஆனால் ஒலிபெருக்கியின் எதிரில் வைத்துவிடாதீர்கள். தொடங்கும்போது மேடையில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டினால், எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்துவது எளிதாகும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், அரங்கின் கடைசியில் 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு உங்கள் குரல் பத்தில் ஒரு நொடி தாமதமாகவே போய்ச் சேரும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சிரிப்பு ஓயும் முன் வெட்டாதீர்கள். வேறு இடத்துச் சிரிப்பை எடுத்துச் சேர்க்கவும் வேண்டாம். ஒவ்வோர் அரங்கின் எதிரொலியும் வேறு என்பதால் ஒட்டுப்போட்டது காதிலேயே தெரிந்துவிடும்.

படத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 நொடி என வைத்தால் விளக்குகள் மினுக்குவது பெரும்பாலும் நின்றுவிடும். வெள்ளைச் சட்டை மேடை விளக்கில் வெளுத்து, முகத்தையும் கெடுக்கும். கைப்பேசியில் எடுப்பதானால் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஒளி அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள்.

மறுமொழி 3: சென்னை ஸ்டாண்ட்-அப் கலைஞர்

தம்பி, நான் சொல்ல வருவது இடத்தைப் பற்றி. கோயில் திடலில் எடுத்த பதிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிறுவனத்தாருக்கு அது வேறு உலகமாகத் தெரியும். திறந்தவெளியில் சிரிப்பொலியும் காற்றோடு போய்விடும். 60 பேர் அமரக்கூடிய குளிரூட்டிய சிறு அரங்கை ஒரு மாலைக்கு எடுத்து, உறவினர்களைக் குறைத்து, அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களை அழையுங்கள். முன்வரிசை காலியாக இருக்கவே கூடாது. நெருக்கி உட்கார வைத்தால், ஒருவர் சிரிப்பது அடுத்தவரைத் தொற்றிக்கொள்ளும். கேமரா ஓடுகிறது என்பதை முதலிலேயே அறிவித்து, படத்தில் வர விரும்பாதவர்களைப் பின்வரிசையில் அமர்த்துங்கள். ஒரு நிறுவனத்தின் விழாவில் எடுத்ததை அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியிட வேண்டாம். ஒருமுறை பணியாளர் ஒருவரின் அடையாள அட்டை தெரிந்த காட்சியை நான் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். அந்த நிறுவனம் அதன்பின் என்னை அழைக்கவே இல்லை.

பார்வையாளரோடு அந்த நேரத்தில் நடக்கும் உரையாடலைத் தாராளமாகப் பொதுவெளியில் போடுங்கள், அது மறுபடி பயன்படப் போவதில்லை. நீங்கள் மாதக்கணக்கில் செதுக்கிய பகுதியில் இரண்டொன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி தரும் மேலதிகாரி பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கக்கூடும் என்பதால் ஆங்கில வரிகளைக் கீழே போடுவது அவசியம். ஆனால் நீங்கள் வாய் திறக்கும் முன் முடிவுச் சொல் திரையில் வந்துவிட்டால் சிரிப்பு செத்துவிடும். அந்த ஒரு வரியை மட்டும் தனியே பிரித்து, சொல்லும் கணத்தில் வரச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்: திருச்சி மேடைக்குரல்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்று காலை ஒளிப்பதிவாளரிடம் மூலக் கோப்புகளை வாங்கிக் கேட்டேன். ஐயா சொன்னது போலவே மிக்சர் பதிவில் என் குரல் மட்டும் இருக்கிறது. ஆனால் கேமராவிலேயே பதிவான ஒலியில், ஒரு முதியவரும் நானும் பேசிக்கொண்ட இடத்தில், சிரிப்பு 9 நொடிகள் நீடித்து ஓய்வது எதிரொலிக்கு நடுவே கேட்கிறது. தில்லைநகரில் ஓர் அரங்கம் விசாரித்திருக்கிறேன். புதிய பதிவு தயாராகும் வரை அந்த 9 நொடியைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி: ஒலிப்பதிவுக்காரன்

தாராளமாகப் பயன்படுத்தலாம். மிக்சர் ஒலியை மேலே வைத்து, கேமரா ஒலியை நீங்கள் பேசும்போது நன்றாகத் தாழ்த்தி, பேச்சு நின்றதும் மெல்ல உயர்த்துங்கள். அந்த முதியவரின் முகம் கேமராவில் விழுந்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காணொளியை அங்கிருந்தே தொடங்குங்கள்.